கீமோவுக்கு நடுவே கல்யாணத்துக்குப் போகலாமா?

கேள்வி: மார்பகப் புற்றுநோய்க்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோ எடுக்கிறேன். இன்னும் இரண்டுதான் பாக்கி. அண்ணன் மகள் கல்யாணத்துக்குப் போகக் கூடாது என்கிறார்கள் வீட்டில். போகலாமா?
- வாசகி, திருச்சி

பதில்: போகலாம், ஆனால் நாள் பார்க்க வேண்டும். கீமோ ஏற்றிய 7 முதல் 14 நாட்களுக்குள் வெள்ளையணுக்கள் பெரும்பாலும் மிகவும் குறைந்திருக்கும். அப்போது கூட்டம் வேண்டாம். அடுத்த கீமோவுக்கு முந்தைய வாரம் ஓரளவு தேறியிருக்கும். ரத்தப் பரிசோதனை முடிவைக் காட்டி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முகக்கவசம் போட்டுக்கொண்டு முகூர்த்தத்துக்கு மட்டும் போய், காற்றோட்டமான இடத்தில் உட்காருங்கள். சூடாகப் பரிமாறுவதைச் சாப்பிடுங்கள். நறுக்கிவைத்த பழம், பச்சடி வேண்டாம். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், நடுராத்திரியானாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். வீட்டாரிடமும் சொல்லுங்கள்: புற்றுநோய் தொற்றாது, அத்தையை ஒதுக்கிவைக்கக் காரணமே இல்லை.