கத்தரிக்காய் செய்த பாவம் என்ன?

விந்து வெளியேறிய அரை மணிக்குள் கண் எரியும், மூக்கடைக்கும், அடித்துப் போட்டதுபோல் உடம்பு வலிக்கும். அடுத்த இரண்டு மூன்று நாளைக்கு அலுவலகத்தில் ஒரே மின்னஞ்சலைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருப்பேன். லாட்ஜ் வைத்தியர் ‘நரம்புத் தளர்ச்சி’ என்று லேகியத்தை நீட்டினார். குடும்ப டாக்டர் ‘டென்ஷன்’ என்றார். தைராய்டு, சர்க்கரை, ரத்தசோகை எல்லாம் பார்த்தாயிற்று, நார்மல்.

இப்படி ஒரு நோய் இருப்பதை 2002-ல் நெதர்லாந்தின் மார்செல் வால்டிங்கரும் டேவ் ஷ்வைட்சரும் மருத்துவ இதழில் எழுதினார்கள். பி.ஓ.ஐ.எஸ். (போஸ்ட் ஆர்காஸ்மிக் இல்னஸ் சிண்ட்ரோம்) என்பார்கள். 2011-ல் வால்டிங்கர் குழு 45 ஆண்களை ஆராய்ந்தது. அவர்களில் 33 பேருக்கு அவரவர் விந்தையே நீர்க்கச் செய்து தோலில் குத்தியதில் 29 பேருக்குத் தடித்தது. அப்படியானால் இது அலர்ஜிதான் என்று ஓர் அலர்ஜி நிபுணரிடம் ஓடினேன்.

காசு போனது அங்கேதான். வால்டிங்கரின் கட்டுரையைக் கையில் கொடுத்தேன், புரட்டக்கூட இல்லை. ‘ஃபுல் பேக்கேஜ்’ எழுதினார். தூசி, கரப்பான், இறால், நிலக்கடலை, கத்தரிக்காய் என்று பட்டியல் நீண்டது. என் விந்து மட்டும் அதில் இல்லை. வந்த சந்தேகம் ஒன்று, பார்த்த சோதனை வேறு! வீட்டுத் தூசியில் வாழும் நுண்பூச்சிக்குப் பாசிட்டிவ். தும்மலே வராத எத்தனையோ பேருக்கு அது பாசிட்டிவாக வரும். கத்தரிக்காய் நெகட்டிவ். ஆனாலும் கத்தரிக்காய், கருவாடு, முட்டை மூன்றையும் நிறுத்தச் சொன்னார். ஏன் என்று கேட்டதற்கு, ‘நீங்க டாக்டரா?’

டாக்டர் இல்லைதான். ஆனால் படித்தேன். அந்த டச்சு ஆய்வில் நோயில்லாத ஆண்களுக்கும் அதேபோல் குத்தி ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. விந்தில் நொதிகளும் புரோஸ்டாகிளாண்டின்களும் இருக்கின்றன. வெறும் எரிச்சலிலும் தோல் தடிக்கலாமே. 2015-ல் சீன மருத்துவர்கள் ஒரு நோயாளியைப் பரிசோதித்து, ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள் வழியான விந்து அலர்ஜிக்குச் சான்று இல்லை என்று எழுதினார்கள். வால்டிங்கரே உடனடி அலர்ஜியோடு, டி-செல்கள் என்னும் நோயெதிர்ப்புச் செல்களால் தாமதமாக வரும் அலர்ஜியையும் சேர்த்துத்தான் சந்தேகப்பட்டார். அந்த இரண்டாவது வகை ஐஜிஇ ரத்தச் சோதனையில் சிக்காது.

சொந்த விந்தையே மிக நீர்க்கச் செய்து ஊசியாகப் போட்டுப் பழக்கும் சிகிச்சையை வால்டிங்கர் இரண்டு பேருக்குச் செய்தார். 31 மாதத்தில் ஒருவருக்கு 60 சதவீதம், 15 மாதத்தில் மற்றவருக்கு 90 சதவீதம் தொல்லை குறைந்தது. அதைக் கேட்டுவிட்டு வீட்டில் ஊசியைத் தொடாதீர்கள். சீழ் பிடிக்கும், மூச்சே அடைக்கலாம்.

நோட்டு போடுங்கள்: விந்து வெளியேறியது எத்தனை மணிக்கு, தொல்லை எப்போது தொடங்கியது, காய்ச்சல் எவ்வளவு, என்றைக்குத் தெளிந்தது. உறவுக்குச் சனிக்கிழமை இரவு வேண்டாம், திங்கள் பாழாகும். வெள்ளி இரவுதான் சரி. மனைவியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், மாமனார் வீட்டுக்கு வேறு விதமாகச் சேதி போவதற்குள். இப்போது பார்க்கும் டாக்டர் என் நோட்டைக் கடைசிப் பக்கம்வரை படித்தார். அலர்ஜி மாத்திரை ஒன்றைத் தேதி குறித்துக் கொடுத்து, ‘நோட்டில் வித்தியாசம் தெரியலைன்னா நிறுத்திடுவோம்’ என்றார். உங்கள் டாக்டர் பேக்கேஜ் எழுதினால், கவுன்ட்டரில் பணம் கட்டுவதற்கு முன் பட்டியலை வாங்கிப் பாருங்கள்.