கறிவேப்பிலை: வறட்சி தாங்கும் வீட்டுச் செடி

பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பால்மரங்கள் இலையுதிர்த்து நிற்பதை ஆண்டுதோறும் காண்கிறோம். மழை குன்றிய நாள்களில் இலைவழியே நீர் வெளியேறாமல் காத்துக்கொள்ள அம்மரம் கையாளும் வழி அது. அதே நாள்களில் லயத்து வீட்டின் பின்புறம் நிற்கும் கறிவேப்பிலை பச்சைப்பசேலென்றிருக்கும். நன்கு வேரூன்றிய செடி கெடா, பெர்லிஸ் மாநிலங்களில் ஆண்டுத் தொடக்கத்தில் வரும் வறண்ட பருவத்தையும் தாங்கிவிடும்.

அப்படியிருந்தும், "எங்கள் வீட்டில் கறிவேப்பிலை தங்குவதே இல்லை" என்று பலர் கூறக் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் அதற்குக் காரணம் நீர்க்குறைவன்று, நீர் மிகுதியே. நானும் இதற்கு விலக்கல்லன். குளியலறைக் கால்வாயோரம் நட்டால் நீர் ஊற்றும் வேலை மிச்சமாகும் என்றெண்ணி ஒரு கன்றை நட்டேன். சில மாதங்களில் அது மஞ்சளித்துப் பட்டுப்போயிற்று. தோண்டிப் பார்த்தபோது வேர்கள் கறுத்து அழுகியிருந்தன. வேருக்கு நீரைப் போலவே காற்றும் தேவை. மண்ணின் இடுக்குகளில் நீர் தேங்கினால் காற்றுப் புக இடமில்லை.

ஆகவே, நாள் முழுதும் வெயில்படும் மேட்டு நிலமே இதற்கு ஏற்றது. களிமண் நிலமாயின், மணலும் மக்கிய சாணமும் கலந்து ஓரடி உயரத்திற்கு மண்ணை அணைத்து, அம்மேட்டின் மீது நடுக. முதல் ஆண்டில், மேல்மண் உலர்ந்த பின்னரே நீர் ஊற்றுக. அதன்பின் நீண்ட வறட்சியில் மட்டும் ஊற்றினால் போதும்.

விதைக்க விரும்புவோர் கறுத்துப் பழுத்த பழத்தின் சதையை நீக்கி, உடனே விதைக்க வேண்டும். காய்ந்த விதை முளைக்கும் திறனை விரைவில் இழந்துவிடும். முதிர்ந்த செடியைச் சுற்றி வேரிலிருந்து கிளம்பும் கன்றை வேருடன் பிரித்து நடுவது இதனினும் எளிது.

நிலமில்லாதோர் அடியில் துளையிட்ட வாளியில் வளர்க்கலாம். இங்கே ஓர் எச்சரிக்கை. களைக்கொல்லி வந்த கலனை, எத்தனை முறை கழுவியிருந்தாலும், இதற்குப் பயன்படுத்தலாகாது. பாராகுவாட் மலேசியாவில் 2020 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. ஆயினும், எந்தக் களைக்கொல்லியின் கலனிலும் நஞ்சு எஞ்சியிருக்கும். நாம் வளர்ப்பதோ குழந்தைகளின் சோற்றில் சேரும் இலை.

செடி இடுப்பளவு வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிடுக, பக்கக்கிளைகள் பெருகும். பூங்கொத்துகளையும் நறுக்கினால் தழை செழிக்கும். தேவைப்படும்போது இலைகளை உருவாமல், சிறு கொம்பாக வெட்டி எடுப்பது நன்று.

பச்சைப் புழுக்கள் இலையைத் தின்னும். அவற்றைக் கையால் பொறுக்கினால் போதும். உண்ணும் தழைக்கு மருந்தடிக்க வேண்டா. தளிர்களில் சாறு உறிஞ்சும் ஒருவகைச் சிறு பூச்சியும் வாழும். அது கறிவேப்பிலைக்குச் செய்யும் கேட்டினும், எலுமிச்சை இன மரங்களுக்குச் செய்யும் கேடே பெரிது. அவற்றை வாட்டி அழிக்கும் நோயைப் பரப்ப வல்லது. எலுமிச்சை வைத்திருப்போர் இரண்டையும் அருகருகே நடாதிருப்பது நலம்.