மேல் நிலத்து அசுத்த நீரும் கீழ் நிலத்தார் உரிமையும்

மேட்டு நிலத்தில் விழும் மழைநீர் பள்ளத்தை நாடி ஓடுவது இயற்கை. அதனை அணையிட்டுத் தடுக்கக் கீழ் நிலத்தாருக்கு உரிமையில்லை. 1882ஆம் வருஷத்து இந்திய வசதியுரிமைகள் சட்டத்தின் 7ஆம் பிரிவு இதனை உதாரணத்துடன் விளக்குகின்றது. ஆயினும், நம் நிலத்தின்மேல் ஓடியோ உள்ளே கசிந்தோ வரும் நீரைப் பிறர் நியாயமின்றி அசுத்தப்படுத்தலாகாது என்பதும் அதே பிரிவில் கண்டதே. ஆகவே நீரை ஏற்றல் வேண்டும், அசுத்தத்தை ஏற்கவேண்டுவதில்லை.

தீங்கு யாது? தொழுவத்து மூத்திரம், எருக்குழிச் சாறு, மிகையாக இட்ட யூரியா ஆகியவை மழையோடு வழிந்தால், கீழ்வயல் நெல் தழை மிஞ்சிச் சாயும். குலைநோயும் எளிதிற் பற்றும். அவை கிணற்றிற் கசிந்தால் நைட்ரேட் உப்பு ஏறும். இத்தகைய கிணற்று நீரிற் கலந்த பாலுணவை உண்ட சிசுக்கள் நீலம் பாரித்ததை, அமெரிக்காவில் அயோவா மாகாணத்து வைத்தியர் ஹண்டர் காம்லி 1945ஆம் வருஷத்தில் வெளியிட்டார். நம் நாட்டில் குடிநீருக்கு விதித்த வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். காய்ச்சினால் இவ்வுப்பு நீங்காது. நீர் சுண்டுவதால் செறிவு மிகும்.

மேல் நிலத்தார் செய்யத்தக்கவை: எருக்குழியைக் கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் விலக்கி அமைத்து, சுற்றிலும் கரை உயர்த்தி, மேலே கீற்று வேய்தல், யூரியாவைப் பல தவணையாக இடுதல், மழை கூடிய நாளில் உரமிடாதிருத்தல், எல்லை வரப்பில் வெட்டிவேரை நெருக்கி நடுதல்.

கீழ் நிலத்தார் செய்யத்தக்கவை: எல்லையோரம் வாய்க்கால் வெட்டி வழிநீரைப் புல்தரையின் மேல் பரவவிட்டு வடிகாலிற் சேர்த்தல், கிணற்றுக்குத் தொட்டிச்சுவர் எழுப்புதல், நீரைப் பரிசோதிப்பித்து, முடிவு தெரியும்வரை அதனைச் சிசுக்களுக்குக் கொடாதிருத்தல்.

முதலில் அயலாரை நேரிற் கண்டு பேசுக. கேளாவிடின், தேதியிட்டு எழுத்தாற் தெரிவித்து நகல் வைத்துக்கொள்க. வாளாவிருத்தல் ஆபத்து. மேற்படி சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி, நீரை அசுத்தப்படுத்துதலும் 20 வருஷம் தடையின்றி, உரிமைபோல் நடந்துவரின், உரிமையாகவே கோரப்படக்கூடும். தீங்கு முதன்முதல் புலப்பட்ட நாளிலிருந்தே அக்காலம் எண்ணப்படும். அந்நாளைக் குறித்து வைப்பதும், வழக்கு முற்றுமுன் இரு திறத்தாரையும் வரப்பிலேயே கூட்டிச் சமாதானம் செய்விப்பதும் கிராம அதிகாரிகள் ஊருக்குச் செய்யும் பெரிய உபகாரமாகும்.