பிட்காயின்: கணக்கும் கணிப்பும்

நாணயத்தை அரசு வெளியிடுவதே உலக வழக்கு. 2009 சனவரியில் தோன்றிய பிட்காயின் அவ்வழக்கினின்று வேறுபட்டது. கணிப்பொறிகள் மின்னாற்றலைச் செலவிட்டு ஒரு கடுங்கணக்கிற்கு விடை தேடுகின்றன. முதலில் விடை கண்டவர் பரிமாற்றத் தொகுதியொன்றைப் பொதுக் கணக்கேட்டில் சேர்ப்பார். புதிய நாணயம் அவருக்குப் பரிசாகும். இதுவே ‘உழைப்புச் சான்று’ முறை.

இதன் வரத்து விதி திட்டவட்டமானது. 2,10,000 தொகுதிகளுக்கு ஒருமுறை பரிசு பாதியாகும். தொடக்கத்தில் 50 நாணயமாக இருந்த பரிசு 2012, 2016, 2020, 2024 ஆகிய ஆண்டுகளில் குறைந்து 3.125 ஆயிற்று. மொத்த நாணயம் 2 கோடியே 10 லட்சத்தைத் தாண்டாது.

வரத்து குறைந்தால் விலை ஏறும் என்பர் சிலர். 200 நாள் சராசரிக் கோட்டை விலை மேல்நோக்கிக் கடப்பின் ஏறுமுகம் என்பர் வரைபட ஆய்வாளர். ஆயின், 2021 நவம்பரில் ஏறத்தாழ 69,000 டாலரைத் தொட்ட விலை, 2022 நவம்பரில் 16,000 டாலருக்கும் கீழிறங்கியது. அக்காலத்தில் வரத்து விதி சிறிதும் மாறவில்லை. வாங்குவோர் மனமே மாறிற்று.

இலக்கணம் பயில்வோர்க்கு இஃது எளிதில் விளங்கும். விலை வரைபடம் இறந்தகால வினைமுற்று. அதில் எதிர்கால இடைநிலையைத் தேடுதல் வீண். 2028 அளவில் பரிசு மீண்டும் பாதியாகும் என இன்றே கூறலாம். அன்றைய விலையைக் கூற எவராலும் இயலாது.

இஸ்லாம் வாணிபத்தை அனுமதித்து, ‘மைசிர்’ எனும் சூதை விலக்குகிறது. பிட்காயின் ஆகுமானதா என்பதில் மார்க்க அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும், கல்விக் கட்டணத்தையும் கடன் பணத்தையும் ஒரு கோட்டின் போக்கை நம்பி ஈடு வைப்பது சூதின் வாயிலில் நிற்பதேயாம். மாணவச் செல்வங்கள் இதனை உணர்ந்து நடப்பார்களாக.