அறிவு வளர்ச்சிக் குறைவும் அறங்கூறவையமும்

குற்றம் புரிந்தாரைத் தண்டித்தல் அரசின் கடமையாகும். ஆயின், ‘இவன் செய்தானா?’ என வினவுவதோடு அமையாது, ‘தான் செய்தது இன்னதென இவன் எத்துணை உணர்ந்தான்?’ எனவும் நீதிமன்றம் வினவுதல் வேண்டும். அறிவு வளர்ச்சி குன்றியோர் திறத்து இவ்வினா எங்ஙனம் பிழைபடக்கூடும் என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

முதற்கண், அறிவு வளர்ச்சிக் குறைவு வேறு, சித்தபேதம் வேறு. சித்தபேதம் இடையில் வரும் நோய். மருந்தினால் தணிதலுங் கூடும். மற்றையதோ இளமையிலேயே தோன்றி வாழ்நாள் முழுதும் உடனிருப்பது. ஆராய்தல், கற்றல், சிக்கல் தீர்த்தல் ஆகியவற்றிலும், அன்றாட வாழ்க்கைத் திறன்களிலும் மிக்க குறைபாடு உடைமையே இதன் இலக்கணமென 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வரையறுக்கின்றது.

எம் பனமரத்துப்பட்டி போன்றதோர் ஊரில் இத்தகையான் ஒருவன் உளன் எனக் கொள்வோம். ஆடு மேய்ப்பான், ஏவிய வேலையைச் செய்வான், ஊரார் அவன் நிலையை நன்கறிவர். அவனே நகரத்துக் காவல் நிலையமொன்றில் தனியே நிறுத்தப்படின், அங்கு அவனை அறிவார் யாவர்? இத்தகையோருட் பலர், அதட்டி வினவுவார்க்கு ‘ஆம்’ என்று விடுவர். தம் குறை வெளிப்படாதிருத்தற்பொருட்டு, விளங்காததையும் விளங்கியதுபோற் காட்டுவர். போலீஸாரிடம் கூறும் ஒப்புதல் நம் நாட்டில் சான்றாகாதெனினும், அதன் வழியே ஒரு பொருள் கண்டெடுக்கப்படின், அதனைச் சார்ந்த கூற்றுச் சான்றாகும். ஆதலின் அந்த ‘ஆம்’ எளியதொரு சொல்லன்று.

உயிரே பணயமான நிகழ்ச்சியொன்றைக் கூறுவாம். நாகேந்திரன் தர்மலிங்கம் என்னும் மலேசியத் தமிழர், 42.72 கிராம் ஹெராயினைத் தொடையிற் கட்டிக் கொணர்ந்தபோது 2009 ஏப்ரலிற் சிங்கப்பூர் எல்லையிற் பிடிபட்டார். 2010-இல் அவருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. அவரது அறிவுத்திறன் அளவு 69 என மதிப்பிடப்பட்டமையின், அவர் அறிவு வளர்ச்சி குன்றியவரே என அவர் சார்பினர் வாதித்தனர். நீதிமன்றமோ, அவரது அறிவுத்திறன் எல்லைக்கோட்டு நிலையதேயென்றும், தாம் செய்வதை அறிந்தே செய்தாரென்றும் முடிவு கண்டது. 2022 ஏப்ரல் 27-இல் அவர் தூக்கிலிடப்பட்டார்.

ஈண்டு நாம் நோக்கத்தக்கது, ‘அறிந்தே’ என்னும் ஒரு சொல்லாகும். நம் நாட்டிலும் 1860-இன் தண்டனைச் சட்டத்து 84-ஆம் பிரிவும், அதன் வழித்தாகிய 2023-இன் நியாய சம்ஹிதையின் 22-ஆம் பிரிவும், சித்த சுவாதீனமின்மையால் தன் செயலின் தன்மையையோ தவற்றையோ அறியமாட்டாதவனையே குற்றத்தினின்றும் விலக்குகின்றன. ஆயின், ஒன்று தவறென அறிதல் வேறு. அதன் விளைவை ஆய்ந்து, பிறர் ஏவலை மறுத்து விலகுதல் வேறு. முன்னது உடையராயும் பின்னது குன்றியோர் உளர். அமெரிக்க உச்சநீதிமன்றம் 2002-இல் அறிவு வளர்ச்சி குன்றியோர்க்கு மரணதண்டனை கூடாதென விலக்கியது, இவ்வேறுபாட்டை உணர்ந்தேயாம்.

அற்றேல், இவர் செய்த குற்றமெல்லாம் பொறுக்கப்படல் வேண்டுமோ எனின், அன்று. தண்டனை அவரவர் பொறுப்பின் அளவிற்கேற்ப அமைதல் வேண்டும் என்பதே எம் கருத்து. சாட்சியம் அறிந்த மாற்றுத்திறனாளியை விசாரிக்க விரும்பும் போலீஸார், அவர் இருப்பிடத்திற்கே செல்லுமாறு நம் சட்டம் பணிக்கின்றது. குற்றஞ்சாட்டப்பட்டார்க்கும் அத்தகைய பரிவு வேண்டும். முதல் விசாரணையிலேயே அவரை அறிந்தார் ஒருவர் உடனிருத்தலும், எளிய சொற்களால் வினவி, விளங்கியதை அவர் வாய்மொழியாலேயே கூறக் கேட்டலும், மருத்துவ மதிப்பீட்டைக் காலந்தாழ்த்தாது செய்வித்தலும் இன்றியமையாதன.

நண்பர்காள்! நம்முட் சிலர் நாளை வழக்கறிஞராகவும் நீதிபதிகளாகவும் அமர்தல் கூடும். அன்று நம் முன் நிற்பான் ஒருவன் ‘ஆம்’ என்று தலையசைப்பின், அவன் எதற்குத் தலையசைத்தான் என மீட்டும் ஒருகால் வினவுவோமாக.