கட்டாதே, பிடித்துக்கொள்

உ
சிவமயம்
காரைக்குடி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு அம்மான் எழுதுவது.

நேற்று உங்க ஆத்தா போனில் அழாத குறை. கார்டிஃப் போய்ப் படிக்கிற பிள்ளை பாய்மரப் படகு கிளப்பில் சேர்ந்திருக்கிறானாம், சனிக்கிழமை கடலுக்குப் போகிறானாம், "ஏதோ பூட்டுக்குள்ள போயி வெளிய வரணுமாம்ண்ணே" என்றாள். பூட்டு இல்லை ஆத்தா, லாக் என்றேன். ரெண்டும் ஒண்ணுதானே என்று வைத்துவிட்டாள். முப்பது வருஷம் கப்பலில் கிடந்தவன் நான். சொல்ல வேண்டியது என் பொறுப்பு. போனில் சொன்னால் பாதி காற்றோடு போகும். அதனால் எழுதுகிறேன்.

அந்த லாக் எதற்கு என்பது தொண்டிக் கடலைப் பார்த்த கண்ணுக்குச் சட்டென்று பிடிபடாது. நம் பாக் நீரிணையில் ஏற்றவற்றம் ஒரு மீட்டர்கூட இல்லை. நம் பக்கம் படகை நிறுத்தி வைக்கிற ஒரே கதவு பாம்பன் பாலம்தான். 2025 ஏப்ரலில் திறந்த புதுப்பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டை அப்படியே 17 மீட்டர் உயரத்துக்குத் தூக்குகிறார்கள். பாலம் ஏறும், படகு கீழே நேராகப் போய்விடும். லாக்கில் ஏறுவதும் இறங்குவதும் தண்ணீர். அதோடு சேர்த்து நீயும்.

நீ இருக்கிற ஊரை ஒட்டிய பிரிஸ்டல் சேனலில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி 12 மீட்டருக்கு மேல்கூடக் கடல் ஏறி வற்றும். நம் மாடிவீட்டையே முழுக்காட்டிவிட்டுப் பிறகு காலடி வரைக்கும் வற்றுகிற கணக்கு. முன்பெல்லாம் கார்டிஃப் விரிகுடா வற்றத்தில் வெறும் சேறாகக் கிடக்கும். குறுக்கே 1.1 கிலோமீட்டருக்கு அணை கட்டி, 1999-இல் வேலையை முடித்து, டாஃப், ஈலி என்ற இரண்டு ஆறுகளின் நன்னீரைத் தேக்கினார்கள். ஏறக்குறைய 200 ஹெக்டேர் ஏரி. சேற்றில் இரை பொறுக்கிய பறவைகள்தான் இடம் இழந்தன. அதற்காக அப்போது பெரிய சண்டையே நடந்தது. ஏரியிலிருந்து கடலுக்குப் படகு போக அணையில் மூன்று லாக்.

நம் கண்மாயை நினைத்துக்கொள். கண்மாய்க்கும் வயலுக்கும் நடுவே ஒரு தொட்டி, இரண்டு பக்கமும் கதவு. படகு தொட்டிக்குள் வந்ததும் பின்கதவை அடைத்து, அடியில் இருக்கும் மடையைத் திறப்பார்கள். தொட்டித் தண்ணீர் வெளித்தண்ணீரின் மட்டத்துக்கு வந்ததும் முன்கதவு திறக்கும். அவ்வளவுதான் சூத்திரம். சீனாவில் 984-இலேயே பெருங்கால்வாயில் இதைக் கட்டிவிட்டார்கள். ராஜராஜன் பட்டமேறியதற்கு முந்தின வருஷம். பல லாக்குகளில் கதவு நம் முகப்புக் கதவு மாதிரி இரட்டைக் கதவு. மூடும்போது உயரத் தண்ணீர் இருக்கும் பக்கம் முனை நீட்டிச் சேரும். தண்ணீர் அழுத்த அழுத்த இறுகும். தண்ணீர்தான் அதற்குத் தாழ்ப்பாள். சென்னை பக்கிங்காம் கால்வாயிலும் உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் லாக் கடந்து வந்தவைதான். சேப்பாக்கம் பக்கம் லாக் நகர் என்றே ஓர் இடம் இருக்கிறது.

இனி உன் வேலை. கண்மாயில் நீர்பாய்ச்சி சொன்னதுதான் சட்டம் இல்லையா? லாக்கில் இருக்கும் ஆளும் அப்படித்தான். முன்கூட்டியே வி.எச்.எஃப். ரேடியோவில் கூப்பிடு; உங்கள் அணைக்குச் சேனல் 18. சிவப்பு விளக்கு இருக்கும்வரை வெளியே காத்திரு, பச்சை விழுந்தால் மட்டும் மெதுவாக நுழை. எந்தப் பக்கம் ஒட்டச் சொல்வார்கள் என்று தெரியாது. அதனால் மோதலைத் தாங்கும் ஃபெண்டர்களை இரண்டு பக்கமும் தொங்கவிடு, அணியத்திலும் பின்னணியத்திலும் கயிறு தயாராக இருக்கட்டும். லைஃப் ஜாக்கெட் போடாமல் மேல்தளத்துக்கு வராதே. படகு சுவரில் மோதப் போகிறது என்று கையையோ காலையோ நடுவே கொடுக்காதே. உன் படகு நாலைந்து டன் இருக்கும், மாப்பிள்ளை. சுவரில் பதித்த ஏணி ஊருணிப் படிக்கட்டின் பாசியைவிட மோசம்.

இப்போது கயிறு. இதற்குத்தான் இந்தக் கடிதமே.

உள்ளே மிதவை மேடை இருந்தால் கவலை குறைவு. அது தண்ணீரோடு கூடவே ஏறி இறங்கும், அதில் கட்டலாம். வெறும் சுவர் என்றால் கட்டவே கூடாது. கயிற்றின் ஒரு முனையைப் படகில் மாட்டி, மேலே இருக்கும் தூணையோ சுவரில் ஓடும் கம்பியையோ சுற்றி, மறுமுனையைத் திரும்பப் படகுக்கே கொண்டுவா. அதைக் கிளீட்டில், அதாவது படகில் கயிறு கட்டும் கொம்பில், ஒரே ஒரு சுற்றுச் சுற்றிக் கையில் வைத்துக்கொள். சகடை இல்லாத கிணற்றில் ஆயா வாளி இறக்கும்போது கயிற்றைக் குறுக்குக்கட்டையில் ஒரு சுற்றுப் போட்டுக்கொள்வாள், பார்த்திருப்பாய். பாரம் கட்டைக்கு, கட்டுப்பாடு கைக்கு. அதேதான் இது. தண்ணீர் இறங்கினால் கயிற்றை விட்டுக்கொடு, ஏறினால் இழுத்துக்கொள். முன்னுக்கு ஓர் ஆள், பின்னுக்கு ஓர் ஆள். கயிற்றை உள்ளங்கையில் சுற்றிக்கொள்கிறவன் விரலோடு வீடு திரும்ப மாட்டான்.

நான் பட்டதைச் சொல்கிறேன். கப்பலிலிருந்து ஓய்வு பெற்ற புதிதில், சிநேகிதர் ஒருவரின் யாட்டை ஐரோப்பாவில் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குக் கொண்டுபோகக் கூடப் போனேன். வழியில் ஒரு லாக்கில் இறங்க வேண்டியிருந்தது. பனாமா கால்வாயில் 26 மீட்டர் ஏறி இறங்கிய ஆள் என்ற மிதப்பு எனக்கு. அங்கே கப்பலை இழுத்துப் பிடிக்கத் தண்டவாளத்தில் எஞ்சின் ஓடும். இங்கே இருந்தது என் இரண்டு கைதான் என்பது உறைக்கவில்லை. பின்கயிற்றைக் கிளீட்டில் எட்டுப் போட்டு இறுக்கிவிட்டு டீ போட உள்ளே போனேன். கொஞ்ச நேரத்தில் டம்ளர் தானாக நகர்ந்தது. வெளியே வந்தால் படகு ஒருக்களித்துத் தொங்குகிறது, கயிறு வீணைத் தந்தி மாதிரி விறைத்து நிற்கிறது. பாரம் ஏறிய முடிச்சை அவிழ்க்க எந்தக் கையாலும் முடியாது. நான் செய்திருக்க வேண்டியது மேலே பார்த்து ஒரு சத்தம். லாக் ஆட்கள் மடையை அடைத்திருப்பார்கள். அந்த நேரத்தில் யாருக்குத் தோன்றும்? சிநேகிதர் ரொட்டிக் கத்தியால் அறுத்தார். படகு தொப்பென்று விழுந்தது. அறுந்த முனை என் காதோரம் சீறிப் போயிற்று. கத்தி ஒன்று எட்டும் தூரத்தில் இருக்கட்டும். சத்தம் போட வாயும் தயாராக இருக்கட்டும்.

இறங்கும்போது உயரப் பக்கக் கதவை ஒட்டி நிற்காதே. அங்கே கதவுக்கு அடியில் ஒரு கல்திண்டு உண்டு. தண்ணீர் வற்ற வற்ற மேலே தெரியும், படகின் வால் அதில் உட்கார்ந்துவிடும். இன்னொன்று, மட்டம் சமமாகிக் கதவு திறந்ததும் எல்லாம் முடிந்தது என்று கயிற்றை விட்டுவிடாதே. உள்ளே இருப்பது ஆற்று நீர், வெளியே உப்பு நீர். கனத்த உப்புத் தண்ணீர் அடியில் உள்ளே பாயும், லேசான தண்ணீர் மேலாக வெளியே ஓடும். பார்வைக்கு அசையாத தண்ணீர் படகை இழுத்துக்கொண்டு போவதைச் சனிக்கிழமை நீயே பார்ப்பாய். கதவு முழுக்கத் திறந்து, பச்சை விழுந்து, முன்னால் நிற்கும் படகு கிளம்பிய பிறகு கயிற்றை உருவு.

கடலுக்கு வந்ததும் ஆத்தாவுக்கு ஒரு வாட்ஸ்அப் போடு. லாக்கில் நிற்கும்போது வேண்டாம். அப்போது உன் கையில் கயிறு இருக்கும்.

இப்படிக்கு,
அம்மான்