பேரிங் பொருத்தும் முறை

சேந்தமங்கலம் வட்டாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலை ஏறும் மோட்டார் சைக்கிளின் உழைப்பைத் தாங்குவன அதன் எஞ்சின் பேரிங்குகளேயாகும். எஞ்சினைப் பிரித்துப் பூட்டுங்கால், புதிய பேரிங்கைச் சுத்தியலால் அடித்து இறக்கும் வழக்கத்தை நாம் அறவே கைவிடல் வேண்டும்.

அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரியும் இயல்புடையது. ஆகவே, துடைத்துத் தூய்மை செய்த அலுமினியக் கூட்டைச் சுமார் 100 டிகிரி சென்டிகிரேடு வரை எங்கும் சீராகச் சூடாக்குவோம். தெளித்த நீர்த்துளி 'சுர்' என்று கொதித்தால் அதுவே பக்குவம். பேரிங் எளிதில் இறங்கிவிடும்.

அழுத்த நேர்ந்தால், கூட்டில் இறக்கும்போது வெளி வளையத்தையும், தண்டில் ஏற்றும்போது உள் வளையத்தையும் மட்டுமே அழுத்துதல் வேண்டும். மாற்றி அழுத்தினால் விசை குண்டுகளின் வழியே பாய்ந்து, அவை ஓடும் தடத்தில் குழி விழும். அன்று தெரியாத அப்பழுது, பின்னர் மலைப்பாதையின் நடுவே இரைச்சலாக வெளிப்படும்.

அழுத்தும் இவ்விதி நமது கிணற்று மோட்டாருக்கும் பொருந்தும். பட்டறையில் வேலை நடக்குங்கால் உழவர்கள் உடனிருந்து இதனைக் கவனிப்பார்களாக.